36 கிலோமீட்டர் ரயில் பாதை: ஊருக்கு என்ன லாபம், நிலம் கொடுப்பவருக்கு என்ன பாதுகாப்பு?

தருமபுரி பேருந்து நிலையத்தில் சாயங்காலம் மொரப்பூர் பேருந்தில் ஏறுபவர்களில் பலருடைய கையில் பெரிய பை இருக்கும். சென்னைக்குப் போகிறவர்கள் அவர்கள். தருமபுரியிலும் ரயில் நிலையம் இருக்கிறது. ஆனால் அது சேலம்–ஓமலூர்–ஓசூர்–பெங்களூரு பாதையில் இருக்கிறது. சென்னை–ஜோலார்பேட்டை–சேலம் முதன்மைப் பாதை மொரப்பூர் வழியாகப் போகிறது. இந்த இரண்டு பாதைகளுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியை மாவட்டத் தலைநகரின் மக்கள் இன்றுவரை பேருந்தில்தான் கடக்கிறார்கள்.

அந்த இடைவெளியை இணைப்பதற்கான திட்டம்தான் மொரப்பூர்–தருமபுரி புதிய அகல ரயில் பாதை. நீளம் 36 கி.மீ. 2016-17ஆம் ஆண்டில் ஒப்புதல் பெற்ற இந்தத் திட்டத்துக்கு அப்போதைய மதிப்பீடு சுமார் 359 கோடி ரூபாய். 2019-ல் அடிக்கல் நாட்டப்பட்டது.

"ரயில் வந்தா நல்லதுதானே" என்று ஊரே சொல்லும்போது, "என் கிணறு போகுதே, அதுக்கு யார் பதில் சொல்லுவாங்க?" என்று ஒரு குடும்பம் கேட்கும். இரண்டு பேச்சும் நியாயம்தான். லாபம் மாவட்டம் முழுக்கப் பரவும், பல வருடங்களில் மெதுவாகக் கிடைக்கும். இழப்பு சில நூறு குடும்பங்களின் தலையில் ஒரே நாளில் இறங்கும். அதனால் லாபம் எவ்வளவு உண்மையானது, இழப்பை ஈடுகட்ட சட்டம் என்ன தருகிறது, அதைக் கேட்டுப் பெற எந்த நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்ற மூன்றையும் இந்தக் கட்டுரையில் சேர்த்துப் பார்ப்போம். இந்தப் பாதையை உதாரணமாக எடுத்துக்கொண்டாலும், உங்கள் மாவட்டத்தில் எந்தப் புதிய ரயில் பாதை வந்தாலும் இதே விவரங்கள் பொருந்தும்.

ஏற்கெனவே ஓடிய ரயில்தான்

தருமபுரிக்காரர்களுக்கு இது புதுக் கனவு இல்லை. 1906-லேயே மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு ரயில் ஓடியது. இரண்டரை அடி அகலத் தண்டவாளத்தில் போன குறுகிய பாதை ரயில் அது. 1913-ல் அந்தப் பாதை ஓசூர் வரை நீண்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1941 வாக்கில் அது மூடப்பட்டது. பிறகு தண்டவாளமும் பெயர்த்தெடுக்கப்பட்டது.

பெங்களூரு பாதை பின்னாளில் தருமபுரியைத் தொட்டது. ஆனால் மொரப்பூர் இணைப்பு மட்டும் திரும்ப வரவே இல்லை. "இருந்ததைத்தான் திருப்பிக் கேட்கிறோம்" என்று இந்த மாவட்டத்தில் பேசுவதற்குக் காரணம் இதுதான்.

லாபம்: எது நிச்சயம், எது நிபந்தனையோடு?

ரயில் வந்தால் எல்லாம் மாறிவிடும் என்று பொதுவாகச் சொல்லிவிடுவது சுலபம். கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

பயணிகளுக்கு லாபம் நேரடியானது. இன்று தருமபுரியிலிருந்து ரயிலிலேயே சென்னைப் பக்கம் போக வேண்டுமென்றால் முதலில் தெற்கே ஓமலூர், சேலம் வரை இறங்கி, பிறகு மறுபடியும் வடக்கே திரும்ப வேண்டும். இணைப்பு வந்தால் மொரப்பூர், ஜோலார்பேட்டை, காட்பாடி, அரக்கோணம் என்று நேராகப் போகலாம். வேலூர் மருத்துவமனைகளுக்குப் போகும் நோயாளி காட்பாடியில் இறங்கிக்கொள்ளலாம். போட்டித் தேர்வு எழுத, கல்லூரியில் சேர, தலைமைச் செயலக வேலையாகச் சென்னைக்குப் போகிறவர் நடுராத்திரியில் பேருந்து மாறி ஏற வேண்டியிருக்காது. முன்பதிவில்லாத ரயில் கட்டணம் பேருந்துக் கட்டணத்தைவிடக் குறைவு. மாதத்தில் இரண்டு முறை போய்வரும் தொழிலாளிக்கு அது சின்னத் தொகை இல்லை.

ரயில்வே நிர்வாகத்துக்கும் பயன் உண்டு. தருமபுரி நிலையம் தென்மேற்கு ரயில்வேயின் பெங்களூரு கோட்டத்தில் வருகிறது. மொரப்பூர் தெற்கு ரயில்வேயின் சேலம் கோட்டத்தில் வருகிறது. இரண்டு பாதைகளும் இணைந்தால் ஒன்றில் தடங்கல் ஏற்படும்போது இன்னொன்றின் வழியாக ரயிலைத் திருப்பிவிட முடியும்.

சரக்கில் கவனமாகப் பேச வேண்டும். பாலக்கோடு தக்காளி இனி ரயிலில் போகும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். ஒரு முழுச் சரக்கு ரயிலில் சுமார் 40 வேகன்கள் இருக்கும். ஏறக்குறைய 2,500 டன் ஏற்றலாம். ஒரே பொருள், ஒரே இடத்திலிருந்து, ஒரே இடத்துக்கு, அவ்வளவு எடையில் போகும்போதுதான் சரக்கு ரயில் கட்டுபடியாகும். காலையில் பறித்து ராத்திரிக்குள் சந்தைக்குப் போக வேண்டிய தக்காளிக்கு லாரிதான் வசதி. ரேஷன் அரிசி, உரம், சிமென்ட் மாதிரி வெளியிலிருந்து மொத்தமாக வரும் பொருள்களுக்கு ரயில் பொருந்தும். நல்லம்பள்ளி வட்டாரத்தில் அமையும் சிப்காட் தொழில் பூங்காவுக்கு மூலப்பொருள் வரவும், செய்த பொருள் துறைமுகத்துக்குப் போகவும் பயன்படும். பட்டுக்கூடு, பட்டுநூல், விதை போன்ற எடை குறைந்த, விலை அதிகமான பொருள்கள் பயணிகள் ரயிலின் பார்சல் பெட்டியில் போகலாம். ஆனால் அதற்கு அந்த ரயில் பார்சல் ஏற்றும் அளவுக்கு நிலையத்தில் நிற்க வேண்டும்.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. தண்டவாளம் போட்டவுடன் ரயில் தானாக வந்துவிடாது. எத்தனை ரயில்கள், எந்த நேரத்தில், எந்த நிலையங்களில் நிற்கும் என்பதெல்லாம் தனித்தனி முடிவுகள். அதிகாலை இரண்டு மணிக்கு ஒரு ரயில் வந்துபோனால் மாணவருக்கும் பயனில்லை, வியாபாரிக்கும் பயனில்லை. அதனால் "பாதை வேணும்" என்ற கோரிக்கையோடு "காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு, இடையில இந்த ஊர்ல நிக்கணும்" என்பதையும் இப்போதே சேர்த்துக் கேட்க வேண்டும்.

சாலை வேறு, ரயில் பாதை வேறு

நிலம் கொடுப்பவரின் கவலையைப் புரிந்துகொள்ள இந்த வித்தியாசம் முக்கியம். நிலத்தை ஒட்டி ஒரு தார்ச்சாலை வந்தால், மிச்சமிருக்கும் நிலத்தின் மதிப்பு உயரும். கடை போடலாம், வண்டி நேராக வயலுக்கு வரும். ரயில் பாதையில் அந்த வசதி கிடையாது. ரயில் நம் வயல் வழியாகப் போகும், ஆனால் நம் வயலில் நிற்காது. நிலையத்தைச் சுற்றி ஒன்றிரண்டு கிலோமீட்டரில் இருக்கும் மனைகளுக்கு விலை ஏறும். நடுவில் இருக்கும் ஊர்களுக்கு ஓர் உயரமான மண்கரைதான் மிஞ்சும்.

அந்தக் கரையால் வரும் பிரச்சினைகள் இவை:

- நிலம் இரண்டு துண்டாகும். கிணறு ஒரு பக்கம், பயிர் இன்னொரு பக்கம் என்று ஆகலாம்.
- ஓடைத் தண்ணீர் ஏரிக்குப் போகும் வழி மறிக்கப்படலாம். மழை குறைந்த தருமபுரியில் வருடத்துக்கு ஒருமுறை வரும் அந்தத் தண்ணீர்தான் ஏரியையும், ஏரியை நம்பியிருக்கும் கிணறுகளையும் நிரப்புகிறது.
- மாட்டு வண்டி, டிராக்டர் போகும் பாதை, பள்ளிக்கூடப் பாதை, சுடுகாட்டுப் பாதை ஆகியவை அடைபடலாம்.
- நகரத்தை நெருங்கும் இடத்தில் வீடுகளும், கடன் வாங்கி வாங்கிய வீட்டுமனைகளும் போகலாம்.

புதிய பாதைகளில் இப்போது கேட் போட்ட ரயில்வே கிராசிங் அமைப்பதில்லை; சுரங்கப்பாதையோ மேம்பாலமோதான். சுரங்கப்பாதை என்றதும் மழைக்காலத்தில் இடுப்பளவு தண்ணீர் தேங்கி நிற்கும் காட்சி உங்களுக்கு ஞாபகம் வரலாம். அந்தப் பயம் நியாயமானது. அதனால் "சுரங்கப்பாதை வேண்டும்" என்று கேட்பதோடு நிறுத்தக்கூடாது. எந்த இடத்தில், டிராக்டரும் வைக்கோல் வண்டியும் போகும் அளவுக்கு எவ்வளவு உயரத்தில், மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் வடியும்படி என்று விவரமாகக் கேட்க வேண்டும்.

இதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ரயில்வே சட்டம் 1989-ன் 16ஆவது பிரிவின்படி, பாதையால் பாதிக்கப்படும் நிலத்துக்காரர்களுக்குத் தேவையான கடவுப் பாதை, சிறுபாலம், வடிகால் போன்றவற்றை ரயில்வே நிர்வாகம் அமைத்துத் தர வேண்டும். ஆனால் அதே பிரிவில் ஒரு முக்கியமான நிபந்தனையும் உண்டு: "பாதை வேண்டாம், அதற்குப் பதிலாகப் பணம் போதும்" என்று ஒருவர் ஒப்புக்கொண்டு தொகை வாங்கிவிட்டால், அந்த வசதியை நிர்வாகம் செய்து தர வேண்டியதில்லை. கையெழுத்துப் போடும் முன் குடும்பத்தோடு உட்கார்ந்து யோசிக்க வேண்டிய இடம் இது.

"கல்லு நட்டுட்டாங்க, இனி நிலத்தை விக்க முடியாதா?"

அதிகம் குழப்பம் தரும் கேள்வி இது. ஒரு ரயில் திட்டம் பல கட்டங்களைத் தாண்டித்தான் நிலத்துக்கு வரும். முதலில் பாதை சாத்தியமா என்று ஆய்வு நடக்கும். பிறகு இறுதி இட அளவாய்வு நடக்கும். அப்போதுதான் வயலில் கல் நடுவார்கள், மரத்தில் குறி போடுவார்கள். அந்தக் கல் ஒரு பொறியியல் குறி மட்டுமே. அதனால் உங்கள் உரிமை எதுவும் மாறிவிடாது. பாதையின் போக்கு அதன் பிறகும் மாறலாம்.

சட்டப்படி மாற்றம் தொடங்குவது அறிவிக்கை வெளியாகும் நாளில்தான். நில எடுப்பு, மறுவாழ்வு மற்றும் மறுகுடியமர்வில் நியாயமான இழப்பீடு, வெளிப்படைத்தன்மைக்கான உரிமைச் சட்டம் 2013-ன் 11ஆவது பிரிவின் கீழ் முதல்நிலை அறிவிக்கை வெளியான பிறகு, அந்தப் புல எண்ணில் விற்பனை, அடமானம் எதுவும் செய்யக்கூடாது. மகள் கல்யாணம், மருத்துவச் செலவு போன்ற சிறப்புச் சூழ்நிலை இருந்தால் விலக்குக் கேட்டு மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுக்கலாம்.

இந்தத் தடை காலவரையில்லாமல் நீடிக்காது. முதல்நிலை அறிவிக்கையிலிருந்து 12 மாதத்துக்குள் விளம்புகையும், விளம்புகையிலிருந்து 12 மாதத்துக்குள் இழப்பீட்டுத் தீர்வமும் வர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. காரணம் காட்டி அரசு கால நீட்டிப்புச் செய்யவும் இடம் உண்டு.

முதலில் பார்க்க வேண்டியது: எந்தச் சட்டம்?

ரயில் பாதைக்கான நிலத்தை இரண்டு சட்டங்களில் ஒன்றின் கீழ் எடுக்கலாம். ஒன்று மேலே சொன்ன 2013ஆம் ஆண்டுச் சட்டம். இன்னொன்று, சிறப்பு ரயில்வே திட்டம் என்று அறிவிக்கப்பட்டால், 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 20ஏ முதலான பிரிவுகள். உங்களுக்கு வந்த அறிவிப்பின் தலைப்பிலேயே எந்தச் சட்டம் என்று இருக்கும். இதைப் பார்ப்பது ஏன் முக்கியம்?

2013 சட்டம் என்றால், ஆட்சேபணை தெரிவிக்க 60 நாள். நில எடுப்புக்கு முன் சமூகத் தாக்க மதிப்பீடும், பாதிக்கப்படும் ஊரில் பொது விசாரணையும் நடக்க வேண்டும்.

ரயில்வே சட்டம் என்றால், ஆட்சேபணைக்கு 30 நாள்தான். சமூகத் தாக்க மதிப்பீட்டுக் கட்டம் இல்லை. தொகையில் திருப்தி இல்லையென்றால் மத்திய அரசு நியமிக்கும் நடுவரிடம் போக வேண்டும்.

இரண்டிலும் இழப்பீட்டுக் கணக்கு 2013 சட்டப்படிதான். 2015 முதல் ரயில்வே சட்டத்தின் கீழ் எடுக்கப்படும் நிலங்களுக்கும் அதே கணக்குப் பொருந்தும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். பல போகம் விளையும் பாசன நிலத்தைக் கூடுமானவரை எடுக்கக்கூடாது என்று 2013 சட்டத்தின் 10ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால் ரயில் பாதை, நெடுஞ்சாலை போன்ற நீளவாக்கில் போகும் திட்டங்களுக்கு அந்தப் பாதுகாப்புப் பொருந்தாது. அதனால் "நஞ்சை நிலம், எடுக்க முடியாது" என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் மனு நிற்காது. பாதையைக் கொஞ்சம் நகர்த்தினால் எத்தனை வீடுகள், கிணறுகள் தப்பும், அருகில் புறம்போக்கு நிலம் இருக்கிறதா என்று புல எண்ணோடு எழுதுங்கள். அப்படிப்பட்ட ஆட்சேபணைக்குத்தான் பொறியாளர் பதில் சொல்லியாக வேண்டும்.

இழப்பீடு: கணக்கு எப்படி?

சந்தை மதிப்பிலிருந்து கணக்கு தொடங்குகிறது. பதிவுத்துறையின் வழிகாட்டி மதிப்பு ஒரு பக்கம். அந்தப் பகுதியில் கடந்த மூன்று ஆண்டுகளில் பதிவான அதே வகை நிலங்களின் பத்திரங்களில், விலை அதிகமான பாதிப் பத்திரங்களின் சராசரி இன்னொரு பக்கம். இரண்டில் எது அதிகமோ அதுதான் சந்தை மதிப்பு.

கிராமப்புற நிலத்துக்கு இந்த மதிப்பை நகரத்திலிருந்து உள்ள தூரத்தைப் பொறுத்து 1 முதல் 2 வரையிலான ஒரு காரணியால் பெருக்குவார்கள். நகர்ப்புறத்துக்குக் காரணி 1. அதனுடன் வீடு, கிணறு, ஆழ்துளைக் கிணறு, மரம், பயிர் ஆகியவற்றின் மதிப்பைக் கூட்டுவார்கள். வரும் மொத்தத் தொகைக்குச் சமமாக இன்னொரு மடங்கு ஆறுதல் தொகை சேரும். இவை தவிர, சந்தை மதிப்பின் மீது ஆண்டுக்கு 12 சதவீதம் கூடுதல் தொகையும் உண்டு.

புரிவதற்காக ஒரு கற்பனைக் கணக்கு: நிலத்தின் சந்தை மதிப்பு 10 லட்சம். காரணி 1.25 என்று வைத்துக்கொண்டால் 12.5 லட்சம். கிணறும் தென்னையும் 2 லட்சம். மொத்தம் 14.5 லட்சம். ஆறுதல் தொகை 14.5 லட்சம். ஆக 29 லட்சம். ஒரு வருடத்துக்கான 12 சதவீதம் 1.2 லட்சம். கையில் வர வேண்டியது 30.2 லட்சம்.

கணக்கின் முதல் வரியான சந்தை மதிப்பு குறைந்தால் கீழே எல்லா வரியும் குறையும். முத்திரைத் தீர்வையை மிச்சம் பிடிக்க ஊரில் எல்லோரும் பத்திரத்தில் விலையைக் குறைத்துப் போட்டிருந்தால், சராசரியும் குறைந்துதான் வரும். "வெளியில ஏக்கர் முப்பதுக்குப் போகுது" என்று விசாரணையில் சொன்னால் போதாது. அதற்குப் பதிவான பத்திரம் வேண்டும். பக்கத்து நிலங்களின் பத்திர நகல்களை முன்கூட்டியே எடுத்து வைப்பது நல்லது.

இந்தச் சட்டத்தின் கீழ் தரப்படும் இழப்பீட்டுக்கு வருமான வரி இல்லை என்று 96ஆவது பிரிவு சொல்கிறது. வீட்டின் ஒரு பகுதி மட்டும் பாதையில் வந்தால், "முழு வீட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று கேட்க 94ஆவது பிரிவு உரிமை தருகிறது. பாதி இடித்த வீட்டோடு யாரும் நிற்க வேண்டியதில்லை.

நிலம் இல்லாதவர்களுக்கும் உண்டு

"பட்டா உள்ளவங்களுக்குத்தான் பணம்" என்று பலர் நினைக்கிறார்கள். நில எடுப்புக்கு முந்தைய மூன்று ஆண்டுகளாக அந்த நிலத்தை நம்பிப் பிழைத்த குத்தகைதாரர், விவசாயக் கூலித் தொழிலாளி, கைவினைஞர், சிறு வியாபாரி ஆகியோரின் வாழ்வாதாரம் முதன்மையாகப் பாதிக்கப்பட்டால், அவர்களும் 'பாதிக்கப்பட்ட குடும்பம்'தான். அரசுத் திட்டத்தில் ஒப்படைப் பட்டா பெற்றவர்களும் இதில் அடங்குவர்.

சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் உள்ள மறுவாழ்வு உதவிகளில் முக்கியமானவை:

- வீடு இழக்கும் குடும்பத்துக்கு மாற்று வீடு.
- வேலைவாய்ப்பு, அல்லது ஒரே தவணையில் 5 லட்சம் ரூபாய், அல்லது 20 ஆண்டுகளுக்கு மாதம் 2,000 ரூபாய்க்குக் குறையாத தொகை.
- இடம்பெயரும் குடும்பத்துக்கு ஓராண்டுக்கு மாதம் 3,000 ரூபாய் பிழைப்பூதியம், போக்குவரத்துச் செலவுக்கு 50,000 ரூபாய்.
- மறுகுடியமர்வு உதவியாக ஒரே தவணையில் 50,000 ரூபாய்.
- மாட்டுக் கொட்டகை, பெட்டிக்கடை இழந்தால் குறைந்தது 25,000 ரூபாய்.

இவை தானாக வீடு தேடி வராது. கணக்கெடுப்பு நடக்கும்போது உங்கள் பெயர் பட்டியலில் இருக்க வேண்டும். கூலி வேலைக்காகப் பெங்களூருக்கோ திருப்பூருக்கோ போயிருக்கும் நாளில் கணக்கெடுப்பு நடந்தால் பெயர் விடுபடலாம். ஊரில் இருப்பவர்களிடம் சொல்லி வையுங்கள். வரைவுப் பட்டியல் வெளியிடப்படும்போது பார்த்து, விடுபட்டிருந்தால் எழுத்துப்பூர்வமாகச் சொல்லுங்கள்.

இப்போதே தயாராக வைக்க வேண்டியவை

இழப்பீடு தாமதமாவதற்குப் பல நேரங்களில் தொகைத் தகராறு காரணமாக இருப்பதில்லை. பட்டா இறந்துபோன தாத்தா பெயரிலேயே இருக்கும். கூட்டுப் பட்டாவில் ஆறு பேர் இருப்பார்கள். பாகம் பிரிந்தது வாய்ப்பேச்சில் மட்டும் இருக்கும். உரியவர் யார் என்பதில் தகராறு இருந்தால் பணம் உரிய அமைப்பில் வைப்பீடாகப் போய்விடும்; அதை எடுக்க வருடக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும். ஆகவே:

1. பட்டா, சிட்டா, 'அ' பதிவேடு, புலப்படம்: நிலப் பதிவேடுகளுக்கான இணையதளத்திலோ அருகிலுள்ள இ-சேவை மையத்திலோ நகல் எடுத்துப் பாருங்கள். பெயர், பரப்பு, உட்பிரிவு சரியா என்று ஒப்பிடுங்கள்.
2. பட்டா மாறுதல்: இறந்தவர் பெயரில் இருந்தால் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று வைத்து இ-சேவை மையம் மூலம் விண்ணப்பியுங்கள். பாகப்பிரிவினையைப் பதிவு செய்துவிடுங்கள்.
3. வில்லங்கச் சான்று: பதிவுத்துறை இணையதளத்தில் எடுக்கலாம். அடைத்து முடித்த பழைய கடன் நீக்கப்படாமல் இருந்தால் இப்போதே சரிசெய்யுங்கள்.
4. அடங்கல்: கிணறு, மரங்கள், பயிர் எல்லாம் கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பதிவில் இல்லாத புளியமரத்துக்கு விலை கேட்பது கடினம்.
5. புகைப்படம்: வீடு, கிணறு, மோட்டார், குழாய், மரங்கள் எல்லாவற்றையும் தேதியோடு படமெடுத்து வையுங்கள். மின் இணைப்பு ரசீதையும் பத்திரப்படுத்துங்கள்.

பேச வேண்டிய இடமும் நேரமும்

கிராமத்துக்குப் பொதுவான பிரச்சினைகளான ஓடை, ஏரி வரத்துக்கால், சுடுகாட்டுப் பாதை, சுரங்கப்பாதை, நிறுத்தம் ஆகியவற்றைக் கிராம சபையில் வையுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களில் தமிழ்நாட்டில் கிராம சபை கூடுகிறது. தீர்மானத்தில் புல எண்ணும் இடமும் இருக்கட்டும். "பொதுமக்கள் பாதிக்கப்படுகிறார்கள்" என்ற ஒற்றை வரித் தீர்மானத்தை வைத்து யாரும் சிறுபாலம் வரைய முடியாது.

தனிப்பட்ட ஆட்சேபணையை, அறிவிப்பில் குறிப்பிட்டிருக்கும் நில எடுப்பு அலுவலரிடம் கெடு நாளுக்குள் எழுத்தில் கொடுத்து, ஒப்புதல் ரசீது வாங்குங்கள். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுப்பது நல்லதுதான். ஆனால் அது சட்டப்படியான ஆட்சேபணைக்கு மாற்று ஆகாது. இரண்டையும் செய்யுங்கள்.

தீர்வ விசாரணைக்கு அழைப்பு வந்தால் கட்டாயம் போங்கள். தொகை குறைவு என்று தோன்றினால் பணத்தை வாங்காமல் இருக்க வேண்டிய அவசியம் இல்லை. 'ஆட்சேபணையுடன் பெற்றுக்கொள்கிறேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டு வாங்குங்கள். 2013 சட்டப்படி, ஆட்சேபணை இல்லாமல் பணம் வாங்கியவர் பிறகு கூடுதல் தொகை கேட்டு மனு செய்ய முடியாது. ஆட்சேபணையோடு வாங்கியவர், தீர்வத்தின்போது நேரில் இருந்திருந்தால், தீர்வ நாளிலிருந்து ஆறு வாரத்துக்குள் ஆட்சியருக்கு எழுத்தில் விண்ணப்பித்து விஷயத்தை நில எடுப்பு ஆணையத்துக்கு அனுப்பக் கேட்கலாம்.

வக்கீல் செலவுக்கு வழியில்லை என்று விட்டுவிடாதீர்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், குறைந்த வருமானம் உள்ளவர்கள் ஆகியோருக்கு இலவச சட்ட உதவி உண்டு. சட்ட உதவிக்கான கட்டணமில்லா எண் 15100. வருவாய்த் துறைச் சான்றுகள் தாமதமானால் முதல்வரின் முகவரி உதவி எண் 1100-ல் புகாரைப் பதிவு செய்யலாம்.

தருமபுரியிலிருந்து காட்பாடிக்கு ரயிலேறும் ஒரு நோயாளிக்கு அந்தப் பாதையில் யாருடைய கிணறு இருந்தது என்பது தெரிந்திருக்காது. நிலம் கொடுத்த குடும்பத்துக்கு அது எப்போதும் தெரிந்திருக்கும். அந்தக் குடும்பத்துக்கு உரிய தொகை, சரியான நேரத்தில், முழுதாகப் போய்ச் சேர வேண்டும். உங்கள் ஊர் வழியாகப் புதிய பாதை வரும் என்று பேச்சு அடிபட ஆரம்பித்தால், கல் நடும்வரை காத்திருக்காதீர்கள். இந்த வாரமே பட்டாவை ஒருமுறை எடுத்து, அதில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.